பெயர் வைத்தவன்

எங்கள் பாறைக்குப் போக ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியும் எங்களுடையது இல்லை. நெடுஞ்சாலையில் பழைய எடை மேடையை ஒட்டித் திரும்பி, ஒருவருடைய நிலத்தின் ஓரமாகவே நடந்தால் பாறையின் அடிக்கு வந்துவிடலாம். அந்த ஒருவர் இருந்தவரை எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அவர் போய்ச் சேர்ந்ததும் மகன்கள் இருவரும் வந்து வேலிக்கம்பி இறக்கினார்கள். நிலத்தை மொத்தமாக விற்கப் போகிறார்களாம். வாங்குகிறவன் சுற்றி மதில் எழுப்பப் போகிறானாம். வழியையும் பாறையடியையும் மட்டும் நாங்களே வாங்கிக்கொள்வதென்றால் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொன்னார்கள். ஆட்கள் பரவாயில்லை, சொன்ன விலைதான் இரக்கமில்லாமல் இருந்தது.

நாங்கள் என்றால் பெரிய சங்கம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தும் ஒருவர், பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் ஒரு பெண், லாரி மெக்கானிக் ஒருவர், இன்னும் இப்படிச் சிலர். வாரம் முழுக்க யாரிடமாவது திட்டு வாங்கிவிட்டு ஞாயிறு காலையில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள். வேதியியல்காரர்தான் தலைவர். யார் ஏறினாலும் அவர்கள் இடுப்பில் கயிறு கட்டிய முடிச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பார் என்பதால் அவருக்கு முடிச்சு என்றே பெயர். பல் மருத்துவமனைப் பெண்ணுக்குப் பல்லு. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொடுக்கிறவள். எனக்குப் பட்டப்பெயர் கிடையாது, எல்லோருக்கும் அக்கா. என் தம்பி கூப்பிடுவதைக் கேட்டு எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பணம் திரட்டக் கிளம்பினோம். எங்களுக்குச் சுத்தமாக வராத வேலை அது. பாறைப் படம் போட்ட டி-ஷர்ட் அடித்து விற்றோம்; முதல் துவைப்பிலேயே பாறை கரைந்து சட்டை முழுக்கப் பரவியது. ஒரு நாள் பொதுமக்களுக்கு ஏறக் கற்றுக்கொடுக்கிறோம் என்று அழைத்தோம். வந்தவர்கள் பாதி உயரத்தில் அழுதார்கள், இறங்கி வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள், உண்டியலைப் பார்த்ததும் வண்டிச் சாவியைத் தேடினார்கள். மெக்கானிக் தன் பட்டறைக்கு வந்த டிரைவர்களை எல்லாம் மடக்கிக் கேட்டார். என்ன செய்தும் பாதிக் கிணறுதான் தாண்ட முடிந்தது. அப்போதுதான் முடிச்சு, பெயரை விற்கலாம் என்றார்.

இதை ஏறாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு பாறையில் ஏறுவதற்குப் பல ரூட்டுகள் இருக்கும். எந்த ரூட்டை யார் முதலில் விழாமல், கயிற்றில் தொங்காமல் ஏறி முடிக்கிறார்களோ அவர்கள்தான் அதற்குப் பெயர் வைக்கலாம். வைத்த பெயரை வேறு எவரும் மாற்றக் கூடாது. எங்கள் பாறையில் 'பல்வலி' இருக்கிறது, 'சம்பளம் வரல' இருக்கிறது, மெக்கானிக் ஏறிய கோணல்மாணலான ஒன்றுக்கு 'மாமியார் மூஞ்சி' என்று பெயர். அவர் வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தகரத் துண்டில் பெயரை எழுதி மாட்டியிருப்போம். நட்டநடுவில், யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற உயரமான ரூட், என் தம்பியுடையது. நான்கு வருடம் விழுந்து விழுந்து எழுந்து அவன் ஏறியது. அன்றைக்குக் கீழே நின்று, அவன் விழுந்தால் தாங்குவதற்குக் கயிறு பிடித்திருந்தது நான். மேலே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கியதும் அவன் சொன்ன பெயர், 'அக்கா கத்துறா.'

கத்தினேன்தான். கீழே நின்று பார்க்கிறவளுக்குத்தான் அந்தப் பதைப்பு தெரியும்.

அவனை விட்டால் எனக்கு யாருமில்லை. எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தது, நடந்த வேகத்திலேயே முடிந்தும் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா அப்பா போனபின் இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் நானும் அவனும். அவன் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை பார்த்தான். ஒரு நாள் அந்த மெஷின் அவனுடைய இடது கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டது. முதலாளி நல்லவர், முன்பக்கம் கவுன்ட்டரில் ஆர்டர் எடுக்கிற வேலைக்கு மாற்றினார். அன்றிலிருந்து தம்பியின் இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்தான் இருந்தது. வீட்டில் என் முன்னால்கூட. அதன்பின் அவன் பாறை பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "பாத்துப் போ" என்பான்.

அவன் திரும்பி வருவான் என்று நான் நம்பினேன். வரும்போது பாறை இருக்க வேண்டும், அங்கே போக வழி இருக்க வேண்டும். அதற்காகத்தான் வெட்கத்தை விட்டு டி-ஷர்ட் விற்றேன்.

ஒரு புதன்கிழமை மாலை முடிச்சு பள்ளிக்கூடத்துச் சோதனைக்கூடத்தில் எங்களைக் கூட்டினார். கந்தக வாடைக்கு நடுவில் உயர ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தோம். 'பல்வலி'யையும் 'சம்பளம் வரல'யையும் வாங்க ஆள் கிடைத்துவிட்டது என்றார். அதோடு பெரிய ஆசாமி ஒருவரும் சிக்கியிருந்தார். ஊருக்குள் பல கிளைகள் வைத்திருக்கும் ஃபர்னிச்சர் கடை முதலாளி.

"குறையுற தொகை முழுக்க அவரே தர்றாராம்" என்றார் முடிச்சு. "ஆனா அவருக்கு அந்த நடு ரூட்டுதான் வேணுமாம்."

"என்ன பேரு வைக்கணுமாம்?" என்றார் மெக்கானிக்.

முடிச்சு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொகுசு சோபா. அவரு கடையோட பேரு."

யாரோ சிரித்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்கள். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"தம்பி சரின்னா சரி, இல்லன்னா இல்ல. பேர் வச்சவன்தான் விட்டுத்தரணும்" என்றார் முடிச்சு. "எங்களுக்குப் போய்க் கேக்க வாய் வரல. நீங்கதான் கேக்கணும் அக்கா."

"கேக்கறேன்" என்றேன்.

கேட்க நினைத்துத்தான் வீட்டுக்குப் போனேன். அவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். மிச்சமிருந்த இரண்டு விரலால் பழத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். நான் கதவைத் திறந்த சத்தம் கேட்டதும் கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது, பழம் உருண்டு தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"மீட்டிங்ல என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. டி-ஷர்ட் மிச்சமாயிடுச்சாம்."

வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். விரலும் போய், பாறையும் போய், இருக்கிற ஒரு பெயரையும் சோபாவுக்குக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவன் சட்டென்று சரி என்று சொல்லிவிட்டால்? அப்படிச் சொன்னால் அவன் எல்லாவற்றையும் கைகழுவிவிட்டான் என்று அர்த்தம். அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

மறுநாள் முடிச்சுக்கு ஃபோனில் செய்தி அனுப்பினேன். 'தம்பிக்கு இஷ்டமில்லை. மன்னிக்கணும்.' சற்று நேரம் கழித்து 'புரியுது அக்கா' என்று பதில் வந்தது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தம்பியைக் காப்பாற்றிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. வேறு யாராவது கிடைக்காமலா போவார்கள் என்று அடுத்த லென்ஸை எடுத்தேன்.

யாரும் கிடைக்கவில்லை. சோபாக்காரர் சாலைச் சந்திப்பில் ஒரு நீரூற்று கட்டிக் கடைப் பெயரைப் போட்டுக்கொள்ளப் போனார். வேலிக்கம்பி வழியின் தொடக்கம்வரை வந்துவிட்டது. முடிச்சு கடைசி முயற்சியாக வீடு வீடாகக் கொடுக்க ஒரு நோட்டீஸ் அடிக்கலாம் என்று அச்சகத்துக்குப் போயிருக்கிறார். இருந்திருந்து என் தம்பியின் அச்சகத்துக்கு.

அன்று தம்பி சீக்கிரம் வந்துவிட்டான். நான் அடுப்படியில் இருந்தேன். உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேடை மேல் வைத்தான்.

"முடிச்சு வந்திருந்தாரு" என்றான்.

"ம்."

"என் மேல யாருக்கும் வருத்தமே இல்லியாம். அந்தப் பேரு எனக்கு எவ்ளோ முக்கியம்னு எல்லாருக்கும் புரியுதாம். தோளத் தட்டிக் குடுத்துட்டுப் போறாரு. என்ன பேசுறாருன்னே தெரியாம நானும் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு நின்னேன்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"ஏன் என்னக் கேக்கல?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்டா."

"எனக்கா, உனக்கா?"

கோபமாகக் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவன் கவுன்ட்டரில் ஆர்டர் எடுக்கிற குரலில் பேசினான்.

"தகரத்துல எழுதின ரெண்டு வார்த்த அது. கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன். சோபான்னு வை, கட்டில்னு வை, எனக்கென்ன? பாறைக்குப் போக வழி வேணும்."

"நீதான் போறதே இல்லியே."

"போயிட்டுத்தான் இருக்கேன்" என்றான். "செவ்வாக்கிழமயில அச்சகம் மதியத்துக்கு மேலதான். நீ கடைக்குக் கிளம்பினப்புறம் போவேன். குழந்தைங்க ஏறுற சரிவுல ஆரம்பிச்சேன். இப்போ 'சம்பளம் வரல'ல பாதி வரைக்கும் போறேன்."

"இந்தக் கையோடயா?"

"ரெண்டு விரலும் நல்லாவே பிடிக்குது."

"யாரு கயிறு பிடிக்கறது?"

"பல்லு. அவளுக்கும் செவ்வாக்கிழம காலையில வேலை இல்ல."

கையில் இருந்த கரண்டியைக் கழுவ ஆரம்பித்தேன். கழுவிய கரண்டிதான் அது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து என் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் ஏறுகிறான் என்ற சந்தோஷம் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கயிறு என் கையில் இல்லையே என்றுதான் முதலில் வலித்தது. எவ்வளவு கேவலமான மனசு என்று என்னையே நொந்துகொண்டேன்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ வருவ. வந்தா டைட்டா பிடிப்ப." அவன் இரண்டு விரலையும் சேர்த்துக் காற்றில் இழுத்துக் காட்டினான். "எனக்கு அடிபட்டதுல இருந்து நீ அப்படித்தான் இருக்க. டைட்டா பிடிச்சா மேல இருக்கறவன் விழமாட்டான்னு நெனக்கிற. கொஞ்சமாவது லூஸ் குடுத்தாத்தான் அக்கா அவன் அடுத்த பிடிக்குக் கை நீட்ட முடியும்."

மறுநாளே நாங்கள் இருவரும் சோபாக்காரரின் பெரிய கடைக்குப் போனோம். உள்ளே நுழைந்தால் வரிசை வரிசையாக மெத்தை, பாலித்தீன் உறை பிரிக்காத சோபாக்கள், விலை எழுதிய அட்டைகள். அவர் கடைசியில் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தார். மேஜைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தது என்னவோ சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி.

"வேணாம்னு சொல்லிட்டீங்களே" என்றார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அந்தப் பணத்த நீரூத்துக்கு ஒதுக்கியாச்சு. தவிர, பாறையில பேர் எழுதினா எத்தன பேரு பாக்கப் போறாங்க? நம்ம மேனேஜர் அப்பவே சொன்னாரு, நான்தான் ஆசப்பட்டேன்."

தம்பி விடவில்லை. பாறையைப் பற்றி, வருகிற பிள்ளைகளைப் பற்றி, வழி அடைபட்டால் வேறு இடமே இல்லை என்பதைப் பற்றிப் பேசினான். பேச்சு வாக்கில் இரண்டு கையையும் வெளியே எடுத்துவிட்டான், எந்த இடத்தில் எப்படிப் பிடிப்பது என்று காட்டுவதற்கு. சோபாக்காரர் அதற்குமேல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.

"இந்தக் கைய வச்சிக்கிட்டா ஏறுறீங்க?"

"ஆமாங்க."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நீங்க நம்ம சோபால சாஞ்சு உக்காந்திருக்கீங்க. கை முன்னால தெரியுது. 'விரல் போனாலும் விடாதவர். ஓய்வெடுக்க மட்டும் எங்களிடம்.' ஊர் பூரா போர்டு வைக்கலாம். அதுன்னா நீரூத்த அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டு, நீங்க கேக்குறத இன்னிக்கே தர்றேன். ரூட்டுக்கும் நம்ம பேருதான், சரியா?"

எனக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அவனுக்கு இஷ்டமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டேன்.

"இந்தக் கை பாறையில போகல, மெஷின்ல போச்சு" என்றான் அவரிடம். "பாறையில போனதா மட்டும் எழுதக் கூடாது."

"எழுதலப்பா."

"அப்ப சரிங்க."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவன் கை பாக்கெட்டுக்குத் திரும்பியிருந்தது.

"வேணாண்டா" என்றேன். "வேற எதாவது பண்ணிக்கலாம்."

"என்ன பண்ணலாம்? சொல்லு, கேக்கறேன்."

பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல ரோட்டைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"நீ மொதல்ல வேணாம்னு சொன்னப்ப அவரு பேர மட்டும்தான் கேட்டாரு அக்கா" என்றான்.

அந்த வாரமே படம் எடுத்தார்கள். கடையை மூடாமலே எடுத்தார்கள். கட்டில் வாங்க வந்த ஒரு குடும்பம் நின்று வேடிக்கை பார்த்தது. சிவப்பு சோபாவில் தம்பியைச் சாய்ந்து உட்கார வைத்து, படம் எடுக்கிறவர் அவன் இடது கையைத் தொடையில் வைக்கச் சொன்னார். பிறகு நெஞ்சில். பிறகு கேமராவுக்கு நேராக நீட்டச் சொன்னார். தையல் போட்ட இடம் படத்தில் சரியாக விழவில்லை என்று விளக்கைக் கிட்டே தள்ளினார். தம்பி சொன்னதை எல்லாம் செய்தான். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பவே இல்லை. என் முன்னால் ஆரஞ்சுப் பழத்தைக் கீழே போட்டவன் அவன். நான் ஒரு பீரோவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

வழி எங்கள் கைக்கு வந்தது. வேலிக்கம்பியைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு முடிச்சு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார், மெக்கானிக் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நடு ரூட்டின் பழைய தகரத்தைத் தம்பியே கழற்றிவிட்டு, சோபாக்காரர் அனுப்பிய பளபளப்பான பலகையை மாட்டினான். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் வருகிறான். பல்லுதான் அவனுக்குக் கயிறு பிடிக்கிறாள். நான் மற்றவர்களுக்குப் பிடிக்கிறேன். அவன் என்னிடம் கோபமாக இல்லை, நன்றாகவே பேசுகிறான். என்னிடம் பிடிக்கச் சொல்லிக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

போர்டுகள் ஊர் முழுக்க வந்தன. எங்கள் கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரே, மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒன்று. புதுக் கண்ணாடி வாங்குகிறவர்களை வாசலுக்கு அழைத்துப் போய், தூரத்தில் எது தெரிகிறது என்று கேட்பது எங்கள் கடை வழக்கம். முன்பெல்லாம் அங்கே ஒரு வங்கி விளம்பரம் இருந்தது, அதன் எழுத்தைப் படித்துக் காட்டுவார்கள். முன்பக்கத்து ஆள் லீவு என்றால் வாசலுக்கு நான்தான் போக வேண்டும்.

நேற்று ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியை மாட்டிவிட்டு வாசலில் நிறுத்தினேன். கண்ணைச் சுருக்கி, அப்புறம் விரித்து, எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார்.

"தெரியுதா சார்?"

"நல்லாத் தெரியுதும்மா. தையல் போட்ட கோடுகூடத் தெரியுது." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாவம், சின்ன வயசு. கையப் போய் இப்படி ஊருக்கே காட்டிட்டாங்களே. வீட்ல யாரும் வேணாம்னு சொல்லலியா?"

"மொதல்லயே சொன்னாங்க சார்" என்றேன். "அதனாலதான்."